அரை மணிக்கு ஒரு விலை: ஆக்டோபஸ் அஜைல் கரண்ட் திட்டம் யாருக்குச் சரிப்படும்?

லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் இந்தக் கேள்வி அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது: "ஆக்டோபஸ் அஜைலுக்கு மாறலாமா?" ஆக்டோபஸ் எனர்ஜி என்ற மின்சாரக் கம்பெனி அரை மணிக்கு ஒரு விலை வைத்து விற்கிற திட்டம் அது. உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒருவர், பில் பாதியாகக் குறைந்துவிட்டது, உடனே மாறுங்கள் என்பார். இன்னொருவர், சாயங்காலம் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை தெரியுமா, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பார். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் வீட்டளவில் உண்மைதான். ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் இந்தத் திட்டத்தில் இருந்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு இது நல்ல திட்டம், விடப்போவதில்லை. ஆனால் கேட்கிற எல்லோரிடமும் மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். அதற்கான காரணங்களைத்தான் விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் மாறும்முன் தேடியபோது நம் சமையலையும் நம் வீட்டு நடைமுறையையும் வைத்து யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை.

எங்கள் வீடு ஹாரோவில், இரண்டு பக்கமும் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடு. நான், கணவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை, இப்போது மாமியாரும் எங்களோடு இருக்கிறார். சூடாக்குவதற்கு கேஸ் பாய்லர். சமையல் மட்டும் இண்டக்‌ஷனில். எலக்ட்ரிக் கார் கிடையாது, சோலார் கிடையாது, பேட்டரியும் கிடையாது. அதாவது இந்தத் திட்டத்தைப் புகழ்ந்து வீடியோ போடுகிறவர்களிடம் இருக்கும் எதுவும் எங்களிடம் இல்லை.

திட்டம் இதுதான். ஆக்டோபஸ் எனர்ஜி இதை 2018-ல் கொண்டுவந்தது. ஒரு நாளை 48 அரை மணிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைக்கிறார்கள். மறுநாளுக்கான மின்சாரம் மொத்தச் சந்தையில் என்ன விலைக்கு ஏலம் போகிறதோ அதை அடிப்படையாக எடுத்து, உங்கள் பகுதிக்கென்று ஒரு எண்ணால் பெருக்கி, மாலை 4 முதல் 7 வரை மட்டும் அதற்கு மேல் ஒரு தொகையைக் கூட்டுகிறார்கள். பிரிட்டனில் இப்படி 14 பகுதிகள் இருப்பதால் லண்டனில் இருக்கும் உங்கள் விலையும் மான்செஸ்டரில் இருக்கும் உங்கள் தம்பியின் விலையும் ஒன்றாக இருக்காது. யூனிட்டுக்கு 100 பென்ஸ், அதற்கு மேல் ஏறாது என்று ஒரு வரம்பு உண்டு. ஆரம்பத்தில் அது 35 பென்ஸாக இருந்தது, 2022 விலையேற்றத்தில் மேலே போய்விட்டது. கீழ்ப்பக்கம் வரம்பு கிடையாது. பூஜ்யத்துக்கும் கீழே போகும், அப்போது பயன்படுத்துகிற யூனிட்டுக்கு அவர்கள் நமக்குப் பணம் தருகிறார்கள். தினசரி நிலைக்கட்டணம் தனி, அதில் சலுகை எதுவும் இல்லை.

மறுநாள் விலைகள் மாலை 4 மணிக்கு மேல் ஆப்பில் வந்துவிடும், இரவு 11 முதல் மறுநாள் இரவு 11 வரைக்குமானது. பார்க்க வேண்டியது அரை மணி விலைகளைக் காட்டி வரிசையாக நிற்கும் பட்டைகளை மட்டும். பெரும்பாலான நாட்களில் அதன் உருவம் ஒன்றேதான்: விடியற்காலை தாழ்வு, காலை எட்டு மணிக்கு ஒரு மேடு, மதியம் மறுபடி இறக்கம், நாலு மணிக்குச் சுவர் மாதிரி எழும்பி ஏழு மணிக்குச் சட்டென்று விழும். கொஞ்ச நாள் பார்த்தால் இது மனதில் பதிந்துவிடும், அப்புறம் தினமும் பார்க்கத் தேவையே இல்லை. "தினமும் ஆப்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே" என்று பயந்து மாறாமல் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நாலிலிருந்து ஏழு வரை பெரிய மெஷின் எதையும் ஓட்டாதீர்கள், முக்கால்வாசி வேலை அதோடு முடிந்தது.

சரி, கணக்கு. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாதாரணத் திட்டத்துக்கு, மின்சார-கேஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைத்த விலை வரம்பு யூனிட்டுக்குச் சராசரி 26.35 பென்ஸ். கணக்குக்காக 26 என்று வைத்துக்கொள்வோம். அஜைலில் மாலை நேரம் 38, மற்ற நேரம் சராசரி 19 என்று எடுத்துக்கொள்கிறேன். இது வழக்கமான நாளுக்கான உத்தேசம், நாளுக்கு நாள் மாறும். ஒரு வீடு நாளுக்கு 10 யூனிட் செலவு செய்கிறது, அதில் 2 யூனிட் மாலை நேரத்தில் என்றால் 76-ம் 152-ம் சேர்ந்து 228 பென்ஸ். சாதாரணத் திட்டத்தில் அதே வீட்டுக்கு 260. நாளுக்கு 32 பென்ஸ், மாதம் ஒன்பது பவுண்ட் சொச்சம் மிச்சம். இப்போது அதே வீடு மாலையில் 4 யூனிட் எடுத்தால்? 152-ம் 114-ம் சேர்ந்து 266. சாதாரணத் திட்டத்தைவிட அதிகம்! மாலை மூன்று மணி நேரத்தில் மொத்தச் செலவின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் லாபம் கரைய ஆரம்பிக்கும் என்பது இதில் தெரிகிறது. குழுவில் இரண்டு கட்சியும் சண்டை போட்டுக்கொள்வது இந்த இரண்டு யூனிட் வித்தியாசத்தில்தான்.

இனி எதை நகர்த்துவது, எப்படி நகர்த்துவது. இங்கேதான் நிறையப் பேர் தப்பான பொருளைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள்.

வாஷிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். இந்த ஊர் மெஷின்கள் குளிர்ந்த தண்ணீரை இழுத்துத் தாமே சூடாக்கிக்கொள்பவை. 40 டிகிரியில் முழு லோடு போட்டால் சுமார் 0.8 யூனிட் ஆகும், அதில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் போகிறது. டிரம் சுற்றுவதற்கும் பிழிவதற்கும் ஆகும் செலவு கொஞ்சம்தான். ஆகவே இரண்டு மணி நேர புரோகிராம் முழுவதும் மலிவான நேரத்தில் விழ வேண்டும் என்று இடம் தேட வேண்டியதில்லை. முதல் அரை மணி, முக்கால் மணி மலிவான பட்டையில் விழுந்தால் போதும், பிழிகிற நேரம் நாலு மணியைத் தாண்டிப் போனாலும் பெரிய நஷ்டமில்லை. மதியம் இரண்டரைக்குப் போட்டால் சரியாக இருக்கும். ஜனவரியில் குழாய்த் தண்ணீர் ஐஸாக வரும்போது சூடாக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும், அப்போது கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிடுவேன். 30 டிகிரிக்கு இறக்கினால் செலவு இன்னும் குறைகிறது, அது எந்தத் திட்டத்தில் இருந்தாலும் கிடைக்கிற மிச்சம்.

டிஷ்வாஷர் வேறு மாதிரி. அது இரண்டு முறை சூடாக்கும்: நடுவில் கழுவும்போது ஒரு தடவை, கடைசியாக அலசும்போது ஒரு தடவை. ஈகோ புரோகிராம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், மொத்தம் ஒரு யூனிட் அளவுக்குத்தான் எடுக்கும். ஆகவே இதற்கு நீளமான மலிவு நேரம் வேண்டும். ராத்திரி சாப்பாட்டுப் பாத்திரத்தை அடுக்கிவிட்டு டிலே ஸ்டார்ட் வைத்துவிடலாம், ஆனால் எந்த நேரத்துக்கு என்பதைப் பின்னால் ராத்திரி பற்றிச் சொல்லும்போது பாருங்கள். டிலே வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மெஷின்களில் "இத்தனை மணி நேரம் கழித்து ஆரம்பி" என்று இருக்கும், சிலவற்றில் "இத்தனை மணி நேரத்தில் முடி" என்று இருக்கும். வாங்கும்போது கொடுத்த புத்தகத்தை எடுத்து எது என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் விடியற்காலைக்கு வைத்தது நள்ளிரவில் ஓடிக்கொண்டிருக்கும்.

டம்பிள் ட்ரையர்தான் வீட்டிலேயே பெரிய தலை. பழைய கண்டென்சர் வகை ஒரு லோடுக்கு நாலு, ஐந்து யூனிட் விழுங்கும். ஹீட் பம்ப் வகை என்றால் இரண்டுக்குள் முடித்துவிடும். கண்டென்சர் ட்ரையரை மாலை ஐந்து மணிக்குப் போட்டால் மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு லோடே ஒன்றரை பவுண்ட். அதையே மதியத்துக்கு நகர்த்தினால் பாதி. வெயில் அடிக்கிற ஞாயிற்றுக்கிழமை என்றால் துணியைத் தோட்டத்துக் கொடியில் போடுங்கள், அதைவிட மலிவான மெஷின் இன்னும் வரவில்லை.

அப்புறம், நகர்த்தவே தேவையில்லாதவை. கிரைண்டர்! இட்லிக்கு மாவு அரைக்கக்கூட மலிவு நேரம் பார்க்க வேண்டுமா என்று ஒரு தோழி கேட்டாள். டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். உச்ச விலையிலும் நாலு பென்ஸ். மிக்ஸி அதைவிடக் குறைவு. இந்தக் குளிரில் மாவு புளிக்க ஓவன் லைட்டைப் போட்டு உள்ளே வைக்கிறோமே, அந்த 25 வாட் பல்பு ராத்திரி முழுக்க எரிவது கிரைண்டரைவிட மூன்று மடங்கு. அதுவும் மலிவு நேரத்தில்தான் எரிகிறது, நாலைந்து பென்ஸ்தான், ஆகவே மாவு நன்றாகப் புளிக்கட்டும். ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், வைஃபை பெட்டி இவற்றையும் தொடாதீர்கள். ஃபோன் சார்ஜரை ராத்திரிக்கு மாற்றுவதில் எந்த அர்த்தமும் இல்லை.

இப்போது நான் உண்மையில் எழுத வந்த விஷயம். சமையல்.

மாறிய புதிதில் வீட்டில் ஒரு நாள் மாலை ஐந்தரை மணி. பிள்ளை பள்ளியிலிருந்து பசியோடு வந்திருந்தான், மாமியார் உளுந்து அரைத்து வைத்துவிட்டு வாணலியை அடுப்பில் ஏற்றப் போனார். கணவர் ஃபோனைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஏழு மணிக்கு மேல போட்டுக்கலாமே, இப்ப ரேட்டு ஜாஸ்தி" என்றார். மாமியார் பதில் சொல்லவில்லை, வாணலியை இறக்கிக் கீழே வைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. "அத்தை, நீங்க போடுங்க" என்று அடுப்பை நானே போட்டேன். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். சாதம், குழம்பு, ஒரு பொரியல், கூட வடை என்று எல்லாம் சேர்த்து ஒன்றரை யூனிட். உச்ச நேரத்தில் கூடுதலாக ஆகிற செலவு சாதாரணத் திட்டத்தோடு ஒப்பிட்டால் யூனிட்டுக்கு 12 பென்ஸ் வீதம் 18 பென்ஸ். தினமும் இப்படிச் சமைத்தாலும் மாதம் ஐந்து பவுண்ட் சொச்சம். அந்த ஐந்து பவுண்டை ஒரு டம்பிள் ட்ரையரை ஒழுங்காக நேரம் மாற்றிப் போட்டாலே பிடித்துவிடலாம்.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்தோம்: அடுப்புக்கு நேரம் கிடையாது. மெஷினுக்குத்தான் நேரம். இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதுகிற பலர் "மாலையில் ஸ்லோ குக்கர், ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பாடு" என்றெல்லாம் ஆலோசனை சொல்கிறார்கள். யார் சமைக்கிறார், யார் காத்திருக்கிறார், குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கப் போக வேண்டும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கரண்ட் கட் நேரத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு மோட்டார் போட்டு, மாவு அரைத்து, துணி துவைத்த தலைமுறை நம் அம்மாக்களுடையது. அவர்களுக்கு நேரம் பார்த்து வேலை செய்ய யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே கரண்ட் இருக்கிறது, பதினெட்டு பென்ஸ்தான் கூடுதல். அதற்காகச் சமையல்கட்டில் ஒருவர் கண்காணிப்பாளராக நிற்கக் கூடாது. மின்சாரத் துறையில் இருப்பவர்கள் நுகர்வோரின் நெகிழ்வு, அதாவது விலைக்கேற்ப மின்சாரம் பயன்படுத்தும் நேரத்தை மாற்றிக்கொள்வது என்று பேசும்போது, அந்த நெகிழ்வு வீட்டில் யாருடைய முதுகில் ஏறுகிறது என்பதையும் பேச வேண்டும்.

அடுத்தது ராத்திரி. மிகக் குறைந்த விலை பெரும்பாலும் விடியற்காலை இரண்டு முதல் ஐந்து வரை இருக்கும். வாஷிங் மெஷின், ட்ரையர், டிஷ்வாஷர் எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு வைத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் எல்லோரும் தூங்கும்போதும் வீட்டில் ஆள் இல்லாதபோதும் இவற்றை ஓடவிடாதீர்கள் என்பதுதான் லண்டன் தீயணைப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்வது. 2016 ஆகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஒரு அடுக்குமாடியில் பற்றிய தீ ஒரு டம்பிள் ட்ரையரிலிருந்து தொடங்கியதுதான். ஒரு பக்கம் விலை ராத்திரிக்கு இழுக்கிறது, இன்னொரு பக்கம் பாதுகாப்பு வேண்டாம் என்கிறது. விலைத் திட்டம் விற்கிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த எச்சரிக்கையை விலைப் பட்டையின் பக்கத்திலேயே போட வேண்டும் என்பது என் கருத்து. நாங்கள் ட்ரையரை ராத்திரி தொடுவதே இல்லை. டிஷ்வாஷர் ராத்திரி ஒன்பதுக்கு மேல் தொடங்கி நாங்கள் படுப்பதற்குள் சூடாக்கும் வேலையை முடித்துவிடும், அல்லது காலை ஐந்தரைக்கு நான் எழுந்த பிறகு ஓடும். சில பென்ஸ் போகிறது, போகட்டும். வரிசை வீட்டில் பக்கத்துச் சுவருக்கு அப்பால் தூங்குகிறவர்களுக்கும் அது நல்லது.

மீட்டர் பற்றிக் கொஞ்சம். அஜைலுக்கு ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம், அரை மணிக்கு ஒரு ரீடிங் போக வேண்டும். தெற்கிலும் நடுப்பகுதியிலும் மீட்டர்கள் மொபைல் நெட்வொர்க் வழியாகப் பேசுகின்றன, வடக்கில் வேறு ரேடியோ அலைவரிசை. எங்களுக்கு முன்பு இருந்த கம்பெனி மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனதோடு சரி, ரீடிங் போகாமல் மாதக்கணக்கில் உத்தேச பில் வந்துகொண்டிருந்தது, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தோம். உங்கள் மீட்டர் ரீடிங் ஒழுங்காகப் போகிறதா என்பதை உறுதி செய்துகொண்டபின் இந்தத் திட்டத்தைப் பற்றி யோசியுங்கள். மீட்டரோடு கொடுக்கிற அந்தச் சின்ன டிஸ்ப்ளே இருக்கிறதே, அது அஜைல் விலையைச் சரியாகக் காட்டாது. இத்தனை விலைகளைத் தாங்குகிற மாதிரி அதை வடிவமைக்கவில்லை. யூனிட் கணக்கு சரியாக இருக்கும், பவுண்ட் கணக்கை நம்பாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் அந்த டிஸ்ப்ளேயைப் பார்த்துத்தான் செலவைத் தெரிந்துகொள்கிறார்கள் என்றால் இது பெரிய குறைதான். எங்கள் வீட்டில் மாமியாருக்கு ஆப் தேவைப்படவில்லை, ஃப்ரிட்ஜில் ஒரு தாளில் "4-7 மெஷின் வேண்டாம்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இனி இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி. விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று பார்க்கத் தொடங்கினால் வெளியே அடிக்கிற காற்றுக்கும் நம் வீட்டு பில்லுக்கும் நேர்த் தொடர்பு இருப்பது தெரியும். கடலில் காற்று பலமாக வீசுகிற ராத்திரி, வசந்தத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்த ஞாயிறு மதியம் என்றால் பட்டைகள் தரையைத் தொடும். 2020 லாக்டவுனில் தேவை படுத்துவிட்டபோது விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது, அதன்பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 1882-ல் லண்டன் ஹோல்பர்னில் நிலக்கரி மின்நிலையம் தொடங்கிய நாடு இது. 2024 செப்டம்பர் 30-ல் நாட்டிங்ஹம்ஷயரில் ராட்கிளிஃப் நிலையத்தை மூடியதோடு நிலக்கரி மின்சாரம் முழுக்க முடிந்தது. காற்றும் வெயிலும் நாம் கேட்கிற நேரத்துக்கு வராது, ஆகவே அவை வருகிற நேரத்துக்கு நம் மெஷின்கள் போக வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டில் எங்கள் வாஷிங் மெஷினுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பது எனக்கு மிச்சமாகும் பவுண்டைவிடப் பெரிய திருப்தி.

ஆனால் ஒரு குறை உண்டு, அது ஆக்டோபஸின் குறை இல்லை, நாட்டின் ஏற்பாட்டில் உள்ள குறை. ஸ்காட்லாந்தில் காற்றாலைகள் கொட்டுகிற மின்சாரம் முழுவதையும் தெற்கே கொண்டுவரக் கம்பித் தடம் போதவில்லை. அப்போது அங்கே காற்றாலையை நிறுத்தச் சொல்லிப் பணம் கொடுத்து, இங்கே கேஸ் நிலையத்தை ஓட்டுகிறார்கள். சந்தை விலையோ நாடு முழுக்க ஒன்று. பகுதிவாரி விலை கொண்டுவரலாமா என்று நீண்ட நாள் விவாதம் நடந்து, 2025 ஜூலையில் அரசு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. ஆகவே ஹாரோவில் நான் மலிவு நேரம் பார்த்து மெஷின் போடுகிற எல்லா நேரத்திலும் காற்றாலை மின்சாரம்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட முடியாது.

கெட்ட நாட்கள் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டிவிடும், சோலார் பூஜ்யம். அதோடு காற்றும் நின்று, குளிர் கடுமையாகிவிட்டால் எல்லோர் வீட்டிலும் விளக்கு, அடுப்பு, ஹீட்டர் ஒன்றாக ஓடும், இருக்கிற கேஸ் நிலையங்கள் கேட்கிற விலைதான் விலை. 2025 ஜனவரி 8 மாலை நாலு முதல் ஏழு வரைக்கு மின்சாரக் கையிருப்பு இறுக்கமாக இருக்கும் என்று நாட்டின் மின் வலையமைப்பை இயக்கும் தேசிய அமைப்பு முந்தின நாளே அறிவிப்பு விட்டது, அப்புறம் நிலையங்கள் கூடுதலாக வந்து சேர்ந்ததும் விலக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட நாட்களில் அஜைலில் இருப்பவர்கள் மாலை மட்டுமல்ல, காலையிலும் மதியத்திலும்கூட சாதாரணத் திட்டத்தைவிட அதிகம் கொடுப்பார்கள். சேர்ந்தாற்போல் சில நாள் அப்படி நீடிக்கும். பில் ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள், மாதா மாதம் எண்ணிச் செலவு செய்கிற குடும்பங்கள், ஊரிலிருந்து புதிதாக வந்து நாலு பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். எலக்ட்ரிக் ஹீட்டரில் வீட்டைச் சூடாக்குபவர்களும் இறங்காதீர்கள், ஜனவரி மாலையில் ஹீட்டரை அணைத்துவிட்டு உட்கார முடியாது. உடம்புக்கு முடியாதவர்கள், பகல் முழுக்க மருத்துவக் கருவி ஓட வேண்டிய வீடுகள், இவர்களுக்கும் நிலையான விலைதான் நல்லது.

தானியங்கியாகச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வரி. ஆக்டோபஸ் விலைகளை யாரும் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி ஏபிஐ (மென்பொருள்கள் நேரடியாகத் தகவல் எடுக்கிற வழி) வழியாகத் திறந்து வைத்திருக்கிறது, இது மெச்ச வேண்டிய விஷயம். வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதோடு இணைத்து, மலிவான அரை மணிகளைத் தேடி ஹீட்டரைப் போடச் சொல்லலாம். தண்ணீர் டேங்கில் 3 கிலோவாட் இமர்ஷன் ஹீட்டர் இருந்தால் இது அருமையாக வேலை செய்யும், ஆனால் சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் அதைச் சொருகாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தகுந்த சுவிட்ச் போடுங்கள். வாஷிங் மெஷினுக்கு ஸ்மார்ட் பிளக் வீண். இப்போதைய மெஷின்கள் பெரும்பாலும் பட்டன் அழுத்தினால்தான் தொடங்கும், கரண்ட் வந்ததும் தானாக ஓடாது.

எல்லோரும் ஒரே மலிவு நேரத்துக்கு ஓடினால் அங்கேயே ஒரு புது உச்சம் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். வரும். அதனால்தான் 2022 ஜூன் 30 முதல் இங்கே விற்கிற கார் சார்ஜர்களில், குறித்த நேரத்துக்குச் சட்டென்று தொடங்காமல் பத்து நிமிடம் வரை ஆளுக்கு ஆள் தள்ளித் தொடங்குகிற ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஒரு தெருவில் பத்து கார் ஒரே நொடியில் 7 கிலோவாட் இழுத்தால் அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் என்ன பாடுபடும் என்று யோசித்திருக்கிறார்கள். அரை மணி விலை ஒன்றை மட்டும் வைத்து ஊரையே ஒழுங்குபடுத்திவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

கார் என்றதும் நினைவுக்கு வருகிறது. எலக்ட்ரிக் கார் இருந்தால் அஜைலைவிட அதே கம்பெனியின் இன்டெலிஜென்ட் கோ பாருங்கள். ராத்திரி 11:30 முதல் 5:30 வரை யூனிட்டுக்கு 7 பென்ஸ் அளவில் இருந்திருக்கிறது, அந்த நேரத்தில் வீடு முழுக்க அதே விலை, கார் எப்போது சார்ஜ் ஆக வேண்டும் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். காலையில் வண்டி தயாராக இருக்கும், நாம் எந்தப் பட்டையையும் பார்க்க வேண்டாம். வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் போட்டவர்களுக்கு கோஸி என்று ஒன்று இருக்கிறது. நேரம் பார்த்து விலை வைப்பது புதிதும் இல்லை, எகானமி 7 என்ற ராத்திரி விலைத் திட்டம் 1978-லிருந்து இங்கே இருக்கிறது. காருமில்லை, ஹீட் பம்புமில்லை, பகலில் வீட்டில் ஒருவராவது இருக்கிறார், துணியும் பாத்திரமும் நிறைய என்றால், அதாவது எங்களைப் போன்ற வீடு என்றால், அஜைல்.

முடிவு எடுக்கும்முன் இதைச் செய்யுங்கள். இப்போது இருக்கிற கம்பெனியின் கணக்கில் போய், ரீடிங் அரை மணிக்கு ஒருமுறை எடுக்கும்படி மாற்றுங்கள். பலருக்கு அது நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்றுதான் இருக்கும். மீட்டர் தன்னிடம் 13 மாத அரை மணிக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கும். பிறகு சில வாரம் வழக்கம்போல இருந்துவிட்டு, மாலை நாலு முதல் ஏழு வரை செலவான யூனிட்டைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். கால்வாசிக்குக் குறைவாக இருந்தால் மாறலாம், வெளியேற அபராதம் இல்லை என்பதால் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முதலில் ட்ரையரையும் டிஷ்வாஷரையும் நகர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். முதல் முறை மாறுகிறவர்கள் ஏப்ரலில் மாறுவது நல்லது, நவம்பரில் வேண்டாம்.